டெல்லி மாற்றும் சுகாதார நிதி விதிகள்: உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன ஆகிறது?

"மத்திய அரசு நிதி தரவில்லை" என்று மாநில அரசு சொல்கிறது. "கொடுத்த நிதியையே செலவழிக்கவில்லை" என்று டெல்லியிலிருந்து பதில் வருகிறது. செய்தி படிப்பவர் குழம்பிப்போகிறார். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க முடியும் என்பதுதான் இதில் விசித்திரம். அது எப்படி என்று புரிய, பணம் எந்த வழியாக வருகிறது, என்ன நிபந்தனையோடு வருகிறது, எத்தனை ஆண்டுக்கு வருகிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். நம்மூர் நிலையத்தில் நர்ஸ் இருப்பாரா, ஆய்வகம் இயங்குமா என்பதைத் தொகையின் அளவைவிட இந்த மூன்றும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன.

முதலில் அடிப்படை: சுகாதாரம் யார் பொறுப்பு?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. குடும்பக் கட்டுப்பாடு, மருத்துவக் கல்வி போன்றவை பொதுப் பட்டியலில். அதாவது ஆஸ்பத்திரி நடத்துவது மாநிலத்தின் வேலை. ஆனால் வருமான வரி, நிறுவன வரி போன்ற பெரிய வரிகளை வசூலிப்பது மத்திய அரசு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் பணம் மேலிருந்து கீழே வருகிறது. முக்கியமாக நான்கு வழிகள்:

1. வரிப் பகிர்வு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக்குழு சொல்லும் விகிதத்தில் மத்திய வரியில் மாநிலத்துக்குக் கிடைக்கும் பங்கு. இதற்கு நிபந்தனை கிடையாது.
2. தேசிய நலவாழ்வுக் குழுமம். பேச்சு வழக்கில் என்.எச்.எம். மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவிடும் திட்டம். எதற்கு எவ்வளவு என்று டெல்லி ஒப்புதல் தர வேண்டும்.
3. நிதிக்குழுவின் சுகாதார மானியம். 15வது நிதிக்குழு புதிதாகக் கொண்டுவந்தது. உள்ளாட்சி அமைப்புகளின் பெயரில் வருவது.
4. காப்பீடு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத், நம்மூரில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்த நான்கிலும் விதிகள் மாறின.

60:40 என்ற கணக்கு

2005 ஏப்ரலில் என்.எச்.எம்.மின் முன்னோடியான தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டம் தொடங்கியபோது முழுச் செலவும் மத்திய அரசுடையது. 2007 முதல் 85:15 ஆனது, அதாவது மத்திய அரசு 85, மாநிலம் 15. 2012 முதல் 75:25. 2015-16 முதல் 60:40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90:10.

75:25 இலிருந்து 60:40 என்பது கேட்க ஏதோ சின்ன மாற்றம் போல இருக்கும். 100 ரூபாய் திட்டத்துக்கு மாநிலம் முன்பு 25 ரூபாய் போட்டது, இப்போது 40 போட வேண்டும். அதே வேலைக்கு மாநிலத்தின் செலவு 60 சதவீதம் கூடிவிட்டது.

அதற்கு ஈடாகத்தானே 14வது நிதிக்குழு வரிப் பகிர்வை 32 சதவீதத்திலிருந்து 42 ஆக உயர்த்தியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால் அது பெரிய உயர்வுதான். தமிழ்நாட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாநிலங்களுக்குள் பிரிக்கும்போது தமிழ்நாட்டின் பங்கு 13வது நிதிக்குழுவில் 4.969 சதவீதம், 14வதில் 4.023. பகிரத்தக்க மத்திய வரி 100 ரூபாய் என்றால், முன்பு தமிழ்நாட்டுக்கு வந்தது சுமார் 1 ரூபாய் 59 காசு, பின்பு 1 ரூபாய் 69 காசு. பத்து புள்ளி உயர்வில் நம் கைக்கு வந்தது பத்து காசு. 15வது நிதிக்குழு பகிர்வை 41 சதவீதமாக்கி, நம் பங்கை 4.079 என்று வைத்தபோதும் நிலைமை ஏறக்குறைய அதேதான்.

பங்கு குறைந்ததற்கு ஒரு காரணம் மக்கள்தொகைக் கணக்கு. நெடுங்காலம் 1971 கணக்கெடுப்புதான் அடிப்படையாக இருந்தது. 14வது நிதிக்குழு 2011 கணக்கையும் சேர்த்தது, 15வது முழுவதும் 2011க்கே மாறி, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கு என்று தனியாக 12.5 சதவீத எடை கொடுத்தது. கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகப் போய்ச் செய்த குடும்பநலப் பணியின் பலன், மாநிலத்தின் வரிப் பங்கைக் குறைக்கும் காரணங்களில் ஒன்றாக வந்து நிற்பது வேதனையான விஷயம்.

இன்னொன்றும் உண்டு. 2018 முதல் வருமான வரியோடு 4 சதவீதம் "சுகாதாரம், கல்வி" செஸ் என்ற கூடுதல் வரி வசூலாகிறது. செஸ் எதுவும் பகிரத்தக்க வரியில் சேராது. சுகாதாரத்தின் பெயரில் வசூலாகும் இந்த வரியில், ஆஸ்பத்திரி நடத்தும் மாநிலத்துக்குத் தானாக ஒரு பங்கும் வராது.

ஒப்புதல், தவணை, மார்ச் 31

என்.எச்.எம். பணம் கீழே வரும் விதம் இது. மாவட்டங்களிலிருந்து தேவைகளைத் திரட்டி மாநிலம் ஒரு செயலாக்கத் திட்டம் தயாரிக்கும். அலுவலகங்களில் பி.ஐ.பி. என்பார்கள். அதை டெல்லி பரிசீலித்து, எந்தச் செலவினத்துக்கு எவ்வளவு என்று ஒப்புதல் ஆவணம் தரும். அது ஆர்.ஓ.பி. ஒரு மாவட்டத்தில் எத்தனை ஆய்வக நுட்புநர், எவ்வளவு சம்பளம் என்பது வரை அதில் இருக்கும். அதில் இல்லாத செலவைச் செய்ய முடியாது.

பணப் பாதையும் இருமுறை மாறியது. 2014 வரை மத்திய அரசின் பணம் மாநில நலவாழ்வுச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு நேராக வந்தது. பிறகு மாநிலக் கருவூலம் வழியாக வரத் தொடங்கியது. 2021 ஜூலை முதல் ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே ஒரு மையக் கணக்கு. மாவட்டம், வட்டாரம் எல்லாம் இருப்பு இல்லாத துணைக் கணக்குகள். பில் போடும்போதுதான் மையக் கணக்கிலிருந்து பணம் இறங்கும். 2021 விதிப்படி மத்திய அரசு ஒரு தடவைக்கு ஆண்டுத் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் விடுவிக்காது. மாநிலம் தன் பங்கைப் போட்டு, இருப்பதில் 75 சதவீதம் செலவானால்தான் அடுத்த தவணை.

இந்த விதிகள் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளில் பணம் ஆண்டுக்கணக்கில் தூங்கியது உண்மை. இப்போது எவ்வளவு எங்கே இருக்கிறது என்று ஒரே திரையில் தெரிகிறது. ஆனால் இதே விதிதான் ஆரம்பத்தில் சொன்ன சண்டையின் வேர். மாநிலத்தின் ஏதோ சில மாவட்டங்களில் கட்டட வேலை தாமதமானாலும் மொத்தச் செலவு 75 சதவீதத்தைத் தொடாது. தொடாததால் அடுத்த தவணை வராது. டெல்லி "செலவழிக்கவில்லை" என்கிறது, சென்னை "வரவில்லை" என்கிறது. நடுவில், ஒழுங்காகச் செலவு செய்த வட்டாரமும் காத்திருக்கிறது.

கீழ்மட்டத்தில் இது எப்படித் தெரியும்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு விருப்ப நிதி 25,000, பராமரிப்புக்கு 50,000, நோயாளர் நலச் சங்கத்துக்கு 1,00,000 என மொத்தம் 1.75 லட்சம் ரூபாய் என்பது ஊரகத் திட்டம் கொண்டுவந்த நல்ல ஏற்பாடு. தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால், பிரசவ அறையின் டியூப்லைட் போனால், மருத்துவ அலுவலர் யாரிடமும் மனுப் போடாமல் உடனே சரிசெய்ய முடியும். இந்தச் சின்னப் பணத்தின் மதிப்பே அது கையில் இருப்பதில்தான். தவணை தள்ளிப்போய் நிதியாண்டின் கடைசியில் இறங்கினால், மார்ச் 31க்குள் செலவு செய்தே ஆக வேண்டும். அப்போது மோட்டார் சரியாக இருக்கும், நாற்காலி வாங்கப்படும். அடுத்த ஜூலையில் மோட்டார் எரிந்தால் பணம் இருக்காது.

நிபந்தனைகள் பெயர்ப்பலகை வரைக்கும் போகின்றன. 2018இல் தொடங்கிய "நலவாழ்வு மையங்கள்" 2023 இறுதியில் "ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்" என்று பெயர் மாற்றப்பட்டன. பெயர், நிறம், முத்திரை பற்றிய தகராறில் பஞ்சாபுக்கும் மேற்கு வங்கத்துக்கும் என்.எச்.எம். தொகை நிறுத்திவைக்கப்பட்டது. பஞ்சாபில் ஆம் ஆத்மி கிளினிக் என்ற பெயர்தான் பிரச்சினை. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே ரத்த அழுத்தம் பார்ப்பவருக்குச் சம்பளம் தர வேண்டும். அந்தப் பணத்தைப் பிடித்துவைப்பது எந்த நிர்வாக நியாயத்துக்கும் பொருந்தாது.

தற்காலிகப் பணம், தற்காலிக ஆட்கள்

என்.எச்.எம். ஒரு "திட்டம்". அதற்குக் காலக்கெடு உண்டு. புதுப்பித்துப் புதுப்பித்து இருபது ஆண்டு ஓடினாலும் சட்டப்படி அது திட்டம்தான். அதனால் அதன் பணத்தில் நியமிக்கப்படுபவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வெளியிடும் வேலை அறிவிப்புகளைப் பாருங்கள். பணியிடம் முற்றிலும் தற்காலிகமானது, எந்தக் காலத்திலும் நிரந்தரம் செய்யப்படாது, இதை ஏற்பதாகக் கடிதம் தர வேண்டும் என்ற வரிகள் வழக்கமாக இருக்கும். பதினொரு மாத ஒப்பந்தம், தொகுப்பூதியம்.

இதற்குள் இருக்கும் முரண்பாடு இதுதான்: நீரிழிவு, ரத்த அழுத்தம், காசநோய், பிரசவம் எல்லாம் நிரந்தரமான வேலைகள். நோயாளி பதினொரு மாதத்தில் போய்விடுவதில்லை. சர்க்கரை நோயாளிக்கு நம்பிக்கை வரவே ஒரு நர்ஸை இரண்டு மூன்று வருடம் பார்க்க வேண்டும். துணை சுகாதார நிலையத்தில் நியமிக்கப்பட்ட இடைநிலை சுகாதாரப் பணியாளர், வேறு மாவட்டத்திலோ தனியாரிலோ நல்ல சம்பளம் கிடைத்ததும் போய்விட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கிராமத்துக்குத்தான் இழப்பு. நிரந்தர கிராம சுகாதார செவிலியரின் தலையில் அந்த வேலையும் விழுகிறது.

அவர் தலையில் ஏற்கனவே விழுந்திருப்பது என்ன? கர்ப்பிணியைப் பதிவு செய்ய மாநிலத்தின் பிக்மி தளம். தடுப்பூசிக்கு யூ-வின். தொற்றா நோய்களுக்கு ஒரு தளம். மாதாந்திர அறிக்கைக்கு எச்.எம்.ஐ.எஸ். இவற்றோடு ஒவ்வொருவருக்கும் ஆபா என்ற டிஜிட்டல் சுகாதார அடையாள எண். ஒவ்வொரு தேசியத் திட்டமும் தன் செலவைக் காட்ட ஒரு கணினித் தளத்தைக் கொண்டுவருகிறது. பதிவு செய்வது ஒரே ஆள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்ற பழைய அளவுகோலை வகுத்தபோது இந்தக் கணினி வேலை கணக்கிலேயே இல்லை.

நிதிக்குழு மானியமும் நகர்ப்புற மையங்களும்

15வது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுக்கு 70,051 கோடி ரூபாயை சுகாதாரத்துக்கு என்று உள்ளாட்சி அமைப்புகள் வழியாக ஒதுக்கியது. சொந்தக் கட்டடம் இல்லாத துணை நிலையங்கள், வட்டாரப் பொது சுகாதார அலகுகள், பரிசோதனைக் கருவிகள், நகர்ப்புற மையங்கள் ஆகியவற்றுக்கு இந்தப் பணம்.

நோக்கம் அருமை. ஆனால் கேரளத்தில் 1990களிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அங்கே பஞ்சாயத்துத் தலைவர் கேள்வி கேட்பார், மருத்துவர் பதில் சொல்வார். தமிழ்நாட்டில் ஊரக நிலையங்களை நடத்துவது பொது சுகாதாரத் துறை, அதன் வேர்கள் நூறாண்டு பழையவை. ஊராட்சி மன்றத்துக்கு அந்த நிலையத்தின் மேல் நிர்வாக அதிகாரம் இல்லை. ஆக, உள்ளாட்சியின் பெயரில் வரும் பணத்தை உண்மையில் துறைதான் செலவிடுகிறது. நகரங்களில் ஓரளவு பொருந்துகிறது. சென்னை மாநகராட்சிக்குச் சொந்த சுகாதாரத் துறையே இருக்கிறது.

இந்த மானியத்தில் தமிழ்நாட்டில் வந்ததுதான் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள். 2023 ஜூன் 6 அன்று ஒரே நாளில் 500 திறக்கப்பட்டன. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. இந்த மாலை நேரம் சாதாரண விஷயமில்லை. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் ஒரு நாள் கூலியை இழக்காமல் மாத்திரை வாங்கிக்கொள்ள முடிகிறது.

மருத்துவருக்கு மாதம் 60,000, செவிலியருக்கு 18,000 என்ற தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்தார்கள். மானியம் ஐந்தாண்டுக்கு. கட்டடம் நிற்கும், சம்பளம் எங்கிருந்து வரும்? அடுத்த நிதிக்குழுவின் காலம் 2026 ஏப்ரல் முதல். மானியம் தொடராத இடத்தில் மாநகராட்சியோ மாநிலமோ அந்தச் செலவை ஏற்க வேண்டும். வீட்டுவரியை நம்பி இருக்கும் ஒரு சின்ன நகராட்சியால் அது நடக்கிற காரியமில்லை. எனவே மாநில அரசு இப்போதே தன் பட்ஜெட்டில் இவர்களுக்கு நிரந்தரத் தலைப்பு ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காப்பீடு: ஒரே அட்டை, இரண்டு கணக்கு

தமிழ்நாட்டில் அரசு காப்பீடு 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பர் 23 அன்று ஆயுஷ்மான் பாரத் தொடங்கியபோது இரண்டும் இணைக்கப்பட்டன. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை.

கவுன்டரில் நிற்பவருக்கு எல்லாம் ஒரே அட்டைதான். பின்னால் கணக்கு வேறு. மத்திய அரசு 60 சதவீதம் தருவது பெரும்பாலும் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஏழை என்று பதிவான குடும்பங்களுக்குத்தான். தமிழ்நாட்டில் அப்படிச் சுமார் 77 லட்சம் குடும்பங்கள். மாநிலத் திட்டத்தின் அளவுகோல் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள், இதில் வருவது சுமார் 1.4 கோடி குடும்பங்கள். வித்தியாசத்தின் பெரும்பகுதி மாநிலத்தின் செலவு. 2011க்குப் பிறகு வறுமையில் விழுந்த குடும்பம், அப்போது தனிக் குடும்பமாகவே இல்லாத இளம் தம்பதி ஆகியோருக்குப் பெரும்பாலும் மத்தியப் பங்கு கிடையாது.

இதைவிட முக்கியமானது, காப்பீடு எதற்குப் பணம் தருகிறது என்பது. படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத் தருகிறது. இதய அறுவை, புற்றுநோய், டயாலிசிஸ். இதனால் எத்தனையோ குடும்பங்கள் நகையையும் நிலத்தையும் விற்காமல் தப்பின, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் புறநோயாளியாக வந்து மாதா மாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அதில் இடமில்லை. அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் தொகை பெறுகின்றன, அதில் கருவி, உபகரணம் வாங்குகின்றன. அறுவை அரங்கம் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு இந்த வழியில் பணம் சேர்கிறது. டயாலிசிஸ் தேவைப்படாத அளவுக்கு நீரிழிவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்த வேலைக்காக ஒரு பைசா சேர்வதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்க்கிறது.

ஒரு கர்ப்பிணியின் வங்கிக் கணக்கில்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987இல் மாநிலம் தொடங்கியது. 2018 முதல் 18,000 ரூபாய். 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் இதனோடு இணைந்தது. அதன்படி முதல் குழந்தைக்கு 5,000, இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் மட்டும் 6,000. இரண்டாவது ஆண் குழந்தை என்றால் முழுத் தொகையும் மாநிலத்துடையது.

இணைப்பால் மாநிலத்துக்குச் செலவு குறைகிறது. தாய்க்கு என்ன ஆகிறது? பணம் மத்தியத் தளம் வழியாகவும் போக வேண்டும் என்பதால் ஆதார், வங்கிக் கணக்கு, தளத்தில் உள்ள பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் ஆதாரில் அப்பாவின் இனிஷியல், ரேஷன் அட்டையில் கணவரின் இனிஷியல், பாஸ்புக்கில் பெயருக்குப் பின்னால் முழுப்பெயர் என்று இருப்பது சர்வ சாதாரணம். ஒரு எழுத்து பிசகினாலும் தவணை நிற்கும். கர்ப்ப காலத்தில் முட்டைக்கும் பழத்துக்கும் வர வேண்டிய பணம், குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு வந்தால் திட்டத்தின் நோக்கமே போய்விடுகிறது. இந்தத் தாய்மார்கள் கேட்பதும் கெஞ்சுவதும் கிராம சுகாதார செவிலியரிடம்தான். அவரிடம் திருத்தும் அதிகாரம் இல்லை.

உங்கள் வட்டாரத்தில் பார்க்க வேண்டியவை

1. என்.எச்.எம். ஒப்புதல் ஆவணங்கள் பொது ஆவணங்கள், இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் மாவட்டத்துக்கு எத்தனை பணியிடம் ஒப்புதலானது என்பதை அங்கிருந்து எடுத்து, எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று ஒப்பிடலாம்.
2. நோயாளர் நலச் சங்கத்துக்கு எந்த மாதம் பணம் வந்தது, எந்த மாதம் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தொகையைவிடத் தேதி முக்கியம்.
3. நகர்ப்புற மையத்தில் வேலை செய்பவர்களின் சம்பளம் 2026-27இல் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதை வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம். அவருக்குத் தெரியாவிட்டால் மாமன்றக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள்.